எழுத்தாளனின் பொறுமை: பிஷ்ர் இப்னுல் முஃதமிரின் ஓர் ஏட்டை முன்வைத்து

எழுத்தாற்றல் பிறவிக் கொடையா, பயிற்சியின் பேறா என்ற வினா இலக்கியம் உள்ள எல்லாச் சமூகங்களிலும் எழுந்துள்ளது. திறமை உள்ளவனுக்குப் பயிற்சி வேண்டியதில்லை, இல்லாதவனுக்குப் பயிற்சியால் பயனில்லை என்பது ஒரு சாராரின் விடை. விடாது எழுதிக்கொண்டிருங்கள், பொறுமை காத்தால் எவரும் எழுத்தாளராகிவிடலாம் என்பது மறுசாராரின் விடை. பயிலரங்குகளிலும் இளம் எழுத்தாளர்களுக்கான கூட்டங்களிலும் இன்று பெரிதும் கேட்பது இந்த இரண்டாவது விடையே. கேட்பதற்கு இதமானது, ஆனால் அதனை நம்பி இருபது ஆண்டுகளைச் செலவிட்டு, ஒரு நல்ல பக்கமும் கைகூடாமற் போனவரிடம் அதைச் சொன்னவர் எவரும் திரும்பிச் செல்வதில்லை.

அறபு இலக்கியத் திறனாய்வு ஒரு துறையாக உருப்பெறுவதற்கு முன்னரே இவ்வினாவை நேர்மையாக எதிர்கொண்ட ஒரு சிறிய ஏடு எழுதப்பட்டுவிட்டது. அதனை எழுதியவர் பக்தாதின் முஃதஸிலாப் பிரிவின் நிறுவுனராகக் கருதப்படும் பிஷ்ர் இப்னுல் முஃதமிர். ஹிஜ்ரி 210 (கி.பி. 825) அளவில் மறைந்த இவருடைய எழுத்துக்களிற் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எனினும் இந்த ஏட்டை அல்-ஜாஹிழ் தமது ‘அல்-பயான் வத்தப்யீன்’ என்ற நூலில் முழுமையாக எடுத்தெழுதியதால் அது நமக்குக் கிட்டியிருக்கின்றது. பிஷ்ரின் அகீதா சார்ந்த கருத்துக்களை ஏற்காத அறிஞர்களும் இவ்வேட்டைத் தலைமுறை தலைமுறையாக மேற்கோள் காட்டி வந்துள்ளனர் என்பது நோக்கத்தக்கது.

ஏடு பிறந்த சந்தர்ப்பத்தையும் அல்-ஜாஹிழ் தருகிறார். இப்றாஹீம் இப்னு ஜபலா அஸ்-ஸகூனீ என்ற பேச்சாளர் சில இளைஞர்களுக்கு நாவன்மையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற பிஷ்ர் நின்று செவிமடுத்தார். அவர் பயன்பெறவோ வேடிக்கை பார்க்கவோ நிற்கிறார் என இப்றாஹீம் எண்ணிக்கொண்டார். பிஷ்ரோ, இவர் சொன்னவற்றைப் புறந்தள்ளிவிடுங்கள் என இளைஞர்களிடம் கூறி, தாம் எழுதி வைத்திருந்த ஏடொன்றைக் கொடுத்தார். அது வாசிக்கப்பட்டபோது, இவ்விளைஞர்களை விட இது எனக்கே அதிகம் தேவையானது என்றாராம் இப்றாஹீம். ஆசிரியரின் இந்த ஒப்புதல் ஏட்டின் தரத்துக்குக் கிடைத்த முதற் சான்று. மாணவர் முன்னிலையில் இப்படி அவமதிக்கப்பட்ட ஒருவர் அவ்வாறு கூறுவதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

ஏட்டின் தொடக்கமே நேரத்தைப் பற்றியது. உள்ளம் ஊக்கத்துடன் இருக்கும், கவலைகள் அகன்றிருக்கும், மனம் கேட்டதைக் கொடுக்கும் ஒரு மணிப்பொழுதைப் பிடித்துக்கொள் என்கிறார் பிஷ்ர். அந்தச் சிறு பொழுதில் கிடைக்கும் சிறிதளவு, நாள் முழுதும் வருத்தி இழுத்துப் பெறுவதைவிட உயர்ந்ததாக இருக்கும். அடுத்துக் கரடுமுரடான நடையை எச்சரிக்கிறார். கரடுமுரடு சிக்கலுக்கு வழிவிடும். சிக்கலோ கருத்தைத் தின்று சொல்லையும் கெடுத்துவிடும். பின்னர் மிகத் துணிச்சலான ஒரு கருத்தை முன்வைக்கிறார்: ஒரு கருத்து உயர்குடியினரிடம் வழங்குவதால் உயர்வதுமில்லை, பொதுமக்களிடம் வழங்குவதால் தாழ்வதுமில்லை. சரியாக இருத்தல், பயன் தருதல், சூழலுக்குப் பொருந்துதல் ஆகியவையே கருத்தின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. அறிஞரின் கருத்தைப் பாமரருக்கும் விளங்கும் சொற்களில் உடுத்திக் காட்ட வல்லவனே முழுமையான நாவலன் என்பது அவர் முடிவு. மூன்றாம் நூற்றாண்டுக்குரிய அறபுச் சூழலில் இது எவ்வளவு புதுமையானது என்பதை, அன்றைய அரசவைச் செயலாளர்கள் கையாண்ட அலங்கார நடையை அறிந்தோர் உணர்வர்.

ஆயினும் நமது விடயத்துக்கு நெருக்கமானது அவர் வகுக்கும் மூன்று படிகளாகும். சொல் இனிமையாகவும் எளிதாகவும், பொருள் தெளிவாகவும் தானே வந்து அமைவது முதற் படி. அது வாய்க்காதவர், சொல் தனக்குரிய இடத்தில் அமராமல், இயைபு தன் இருக்கையில் நிலைகொள்ளாமல் தவிப்பதைக் காண்பவர், அதனை வலிந்து இழுக்கலாகாது. இங்கு பிஷ்ர் கூறும் காரணம் நடைமுறை சார்ந்தது. நீ கவிதை பாடவில்லையே, உரைநடை எழுதவில்லையே என்று உன்னை எவரும் குறை கூறப் போவதில்லை. ஆனால் கைவராத நிலையில் வலிந்து எழுதினால், உன்னிலும் குறையுள்ளவன் உன்னைக் குறை சொல்வான். உன்னிலும் தாழ்ந்தவன் தன்னை உனக்கு மேலாகக் கருதுவான். எழுதாதிருப்பது இழிவன்று என இவ்வளவு வெளிப்படையாகக் கூறும் இலக்கிய ஆசானைக் காண்பது அரிது.

இரண்டாம் படியிற்றான் பொறுமை வருகிறது. எழுதியே ஆகவேண்டிய நிலையில் முதல் முயற்சியில் இயல்பு இணங்காவிட்டால் அவசரப்படாதே, சலித்துக்கொள்ளாதே, ஒரு பகலின் வெண்மையும் ஓர் இரவின் கருமையும் கழியட்டும் என்கிறார். பின்னர் மனம் ஊக்கங்கொள்ளும் வேளையில் திரும்பி வந்தால், இயல்பூற்று உள்ளே இருக்குமாயின், அல்லது அக்கலையில் ஒரு வேர் ஓடியிருக்குமாயின், அது விடையளிக்காமல் இராது. இங்கு ‘அல்லது’ என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். இயல்பூற்று ஒரு வழி. கலையில் வேரோடியிருத்தல் இன்னொரு வழி. பிறவித் திறனையும் பழக்கத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக அவர் நிறுத்தவில்லை. இரண்டில் எது இருந்தாலும் காத்திருப்பு பலனளிக்கும். இரண்டும் இல்லாதபோது காத்திருப்பதற்கு எதுவுமில்லை.

அந்நிலைக்குரியதே மூன்றாம் படி. கவனத்தைச் சிதறடிக்கும் இடையூறு எதுவுமின்றி, நீண்டகாலம் கைவிட்டிருந்த காரணமுமின்றி, அப்போதும் அது மறுக்குமாயின், இக்கலையை விட்டு உன் மனம் பெரிதும் விரும்புகின்ற, உனக்கு இலகுவான கலைக்கு மாறிவிடு என்கிறார். ஒன்றை நீ விரும்புவது உனக்கும் அதற்கும் ஓர் உறவு இருப்பதாலேயே. ஒவ்வொன்றும் தன்னை ஒத்ததையே நாடும். வெறும் ஆசைக்காகவோ அச்சத்துக்காகவோ உள்ளம் தன் புதையலைத் திறப்பதில்லை, நேசத்துக்கே திறக்கும் என்பது அவர் தரும் நியாயம்.

இந்த மூன்றாம் படியை விட்டுவிட்டு இவ்வேட்டை மேற்கோள் காட்டுவோர் பலர். அவர்களுக்கு இரண்டாம் படி மட்டுமே தேவைப்படுகிறது. ஆனால் இரண்டாம் படியைப் பொருளுடையதாக்குவதே மூன்றாம் படிதான். முடிவேயில்லாத விடாமுயற்சியைப் பிஷ்ர் போதிக்கவில்லை. அதற்கு நிபந்தனைகளை வைக்கிறார்: இடையூறு இருந்ததா, இடையிற் கைவிட்டாயா என்று கேட்கிறார். இவ்விரண்டுக்கும் இல்லையென விடை கூறக்கூடியவனே மூன்றாம் படிக்குச் செல்லும் தகுதி உடையவன். ஓராண்டு எழுதிப் பார்த்துவிட்டுச் சலித்தவன் அந்தத் தகுதியையும் இன்னும் பெறவில்லை.

எனினும் ஏட்டில் ஒரு விடுபாடு உண்டு. இயல்பூற்று இல்லாதவனிடம் கலை வேரோடுவது எவ்வாறு? இதனைப் பிஷ்ர் விளக்கவில்லை. இதற்கு விடை தேட, அவர் காலத்துக்கு முற்பட்ட அறபுக் கவிஞர்களின் பயிற்சி முறையை நோக்க வேண்டும்.

ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிஞன் பெரும்பாலும் முதலில் இன்னொருவனுடைய ராவியாக இருந்தான். ராவி என்பவன் தன் ஆசானின் கவிதைகளை மனனஞ் செய்து, கூட்டங்களில் ஓதி, வழுவின்றி அடுத்தவருக்கு ஒப்படைப்பவன். ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மா, அவ்ஸ் இப்னு ஹஜரின் ராவி. ஸுஹைரின் ராவி அல்-ஹுதைஆ. அவருடைய ராவி ஹுத்பா. ஹுத்பாவின் ராவி ஜமீல். ஜமீலின் ராவி குஸைய்யிர். ஹதீஸ் அறிவிப்பாளர் தொடரைப் பயின்றவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமானதன்று. ஒவ்வொருவரும் தமது குரலைக் கண்டடையுமுன் பல ஆண்டுகள் மற்றொருவரின் குரலாக இருந்தனர்.

நபியவர்களின் முன்னிலையில் ‘பானத் ஸுஆத்’ கஸீதாவைப் பாடிய கஃப் (ரழி) ஸுஹைரின் புதல்வர். சிறுவயதிலேயே அவர் கவி கூறத் தொடங்கியபோது தந்தை அதனைத் தடுத்தார் என இலக்கிய வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கவிதை முதிர்வதற்கு முன் வெளியே சென்றால், பயனற்ற வரிகள் மகனின் பெயரால் காலமெல்லாம் ஓதப்படுமே என்பது தந்தையின் அச்சம். தடை கடுமையாகவே இருந்தது, அடியும் விழுந்தது. இறுதியில் மகனை ஒட்டகத்தில் ஏற்றிச் சென்று, வழியில் தாம் ஒரு வரி கூற அதற்கு ஏற்ற வரியை அவர் கூறச் செய்து சோதித்த பின்னரே அனுமதி வழங்கினார். அடித்ததை நாம் புகழ வேண்டியதில்லை. ஆனால் ஒரு மோசமான வரி வெளிவந்தால் அதனைத் திரும்பப் பெற முடியாது என்ற அந்தத் தந்தையின் அறிவு இன்றும் தேவைப்படுகிறது. முதல் பன்னிரண்டு கவிதைகளையே தொகுதியாக அச்சிட்டு, வெளியீட்டு விழாவும் நடத்தி, அதனைப் பத்தாண்டுகளின் பின் ஒளித்து வைக்க முனைவோர் நம்மிடையே இல்லாமலில்லை.

ஸுஹைர் பிறருக்கு விதித்ததைத் தமக்கும் விதித்துக்கொண்டவர். அவருடைய பெருங் கஸீதாக்கள் ‘ஹவ்லிய்யாத்’, அதாவது ஆண்டுக் கவிதைகள் எனப் பெயர் பெற்றன. ஒரு கஸீதா ஓராண்டு முழுவதும் அவரிடம் தங்கியிருக்கும். அதனை மீண்டும் மீண்டும் நோக்கி, தம் அறிவையே தம் கவிதைக்கு நீதிபதியாக்கிய பின்னரே வெளியிடுவார். நான்கு மாதம் இயற்றுவார், நான்கு மாதம் திருத்துவார், நான்கு மாதம் அறிந்தோருக்குக் காட்டுவார் எனப் பிற்கால நூல்கள் இதனை ஒழுங்குபடுத்திச் சொல்கின்றன. கணக்கு இவ்வளவு நேர்த்தியாக இருந்திருக்குமா என ஐயுறலாம். ஆனால் மூன்றாவது நான்கு மாதங்கள் என்ற எண்ணம் முக்கியமானது. தமிழ் மரபில் அரங்கேற்றம் செய்த பணியும் அதுவே: நூல் ஊருக்குள் செல்லுமுன் அறிந்தோரின் தடைக்கும் விடைக்கும் உட்படுதல்.

இதற்காக ஸுஹைர் பெற்ற பட்டம் என்ன? அல்-அஸ்மஈ அவரையும் அல்-ஹுதைஆவையும் ‘கவிதையின் அடிமைகள்’ என்றழைத்தார். இப்னு குதைபா (மரணம் ஹி. 276 / கி.பி. 889) தமது ‘அஷ்-ஷிஃர் வஷ்-ஷுஅரா’ என்ற நூலில் கவிஞர்களை மத்பூஃ, முதகல்லிஃப் என இரண்டாக வகுத்தார். மத்பூஃ என்பவன் இயல்பிலேயே பாடுபவன். முதகல்லிஃப் என்பவன் வருந்தித் திருத்துபவன். ஸுஹைர் இரண்டாம் வகையில் வைக்கப்பட்டார். அல்-அஸ்மஈயின் பெயரால் வரும் இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. அல்-ஹுதைஆவின் கவிதை முழுவதும் நன்றாகவே இருப்பதைக் கண்டு, அது வருந்திச் செய்யப்பட்டதென்று தாம் அறிந்துகொண்டதாக அவர் கூறினாராம். இயல்பான கவிஞன் நல்லதும் கெட்டதுமாக அள்ளி வீசுவான் அல்லவா! குறையின்மையையே குறையாகக் காணும் இந்தத் தீர்ப்பை ஏற்பது கடினம்.

இப்பாகுபாடு எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் ஷுஊபிய்யா இயக்கத்தவர் பாரசீகரின் நாகரிகத்தை உயர்த்தி அறபிகளைத் தாழ்த்தி வந்தனர். அதற்கு மறுப்பாக அல்-ஜாஹிழ், பிறருடைய பேச்செல்லாம் நீண்ட சிந்தனையாலும் ஏடுகளின் கல்வியாலும் விளைவது, அறபியின் பேச்சோ நினைத்த மாத்திரத்தில் ஊற்றெடுப்பது, இல்ஹாமை ஒத்தது என வாதிட்டார். அரசியல் விவாதத்துக்கு எழுந்த இந்தப் பெருமிதம் இலக்கிய அளவுகோலாகவும் மாறிவிட்டது. விந்தை என்னவெனில், பிஷ்ரின் ஏடு, ஸுஹைரின் ஆண்டுக் கவிதைகள் பற்றிய செய்தி, உடனடிப் பேச்சின் புகழ் ஆகிய மூன்றும் ஒரே ‘அல்-பயான்’ நூலில் உள்ளன. அல்-ஜாஹிழ் முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. அவர் அப்படித் தீர்த்து வைக்கும் இயல்பினரும் அல்லர். ஆனால் தமது ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் எழுதுபவனுக்கு அவர் கூறும் அறிவுரை அவருடைய நடைமுறை எத்தகையது என்பதைக் காட்டிவிடுகிறது. எல்லா மனிதரும் தனக்குப் பகைவர், எல்லோரும் விடயத்தை அறிந்தோர், எல்லோரும் தன் நூலை ஆராய ஓய்வுள்ளோர் என எண்ணியே நூலெழுத வேண்டும் என்கிறார். புளிக்காத மாவைப் போன்ற கருத்தோடு திருப்தியடையக் கூடாது. ஏனெனில் நூலின் தொடக்கத்தில் எழுதியவனுக்கு ஒரு மயக்கம் இருக்கும். அம்மயக்கம் தணிந்து உள்ளம் அமைதியடைந்த பின் மீண்டும் நோக்க வேண்டும் என்பது அவர் முடிவு. பிஷ்ரின் காத்திருப்பு எழுதுமுன் நிகழ்வது. அல்-ஜாஹிழின் காத்திருப்பு எழுதிய பின் நிகழ்வது. இரண்டாவதே கடினமானது. எழுத வராதபோது காத்திருக்க நமக்கு வேறு வழியில்லை. எழுதி முடித்ததை மேசையிலேயே வைத்திருப்பதற்கோ தன்னடக்கம் வேண்டும்.

கலை வேரோடுவது எவ்வாறு என்ற வினாவுக்கு முறையான விடையளித்தவர் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்னர் வந்த இப்னு கல்தூன் (1332-1406). அவருடைய ‘முகத்திமா’ சமூகவியல் நூலாகவே நம்மிடையே அறிமுகமாகியுள்ளது. அதன் ஆறாம் பகுதியின் இறுதி அத்தியாயங்களைத் தமிழில் எழுதுவோர் எவரும் அதிகம் எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் கவிதைக் கலை, உரைநடை, மொழியாற்றல் பற்றிய மிக நுட்பமான திறனாய்வு அங்கேதான் உள்ளது. மொழி ஒரு ‘மலகா’ என்பது அவர் கொள்கை. மலகா என்றால் திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் உறுதியாகப் பதிந்து, பிறவி இயல்பென்றே தோன்றுமளவு ஆகிவிடும் தேர்ச்சி. தச்சனின் கைக்கும் நெசவாளனின் கைக்கும் உள்ளது எதுவோ அதுவே எழுத்தாளனின் நாவுக்கும் உண்டு. இலக்கண விதிகளை அறிதல் மலகா ஆகாது. தையற்கலையைச் சொல்லால் விளக்க வல்லவன், ஊசியைக் கையில் கொடுத்தால் தைக்கத் தெரியாமல் நிற்கலாம் என அவர் எடுத்துக்காட்டுத் தருகிறார்.

கவிஞனாக விரும்புபவன் முதலில் அவ்வகைக் கவிதையிற் சிறந்ததைப் பெருமளவு மனனஞ் செய்ய வேண்டும். மனனம் இல்லாதவன் கவிதையை விட்டு விலகியிருப்பதே நன்று. உள்ளம் நிரம்பிய பின் எழுதத் தொடங்க வேண்டும். எழுத எழுத மலகா உறுதிப்படும். இவற்றோடு, மனனஞ் செய்ததை மறந்துவிடுதலும் ஒரு நிபந்தனை எனச் சிலர் கூறுவதாக அவர் குறிப்பிடுகிறார். சொற்கள் அழிந்து போகும். ஆனால் அவற்றின் வடிவம் உள்ளத்தில் ஒரு தறிபோலத் தங்கிவிடும். பின்னர் அத்தறியில் தனக்குரிய நூலைக் கொண்டு நெய்யலாம். அபூ நுவாஸ் தம் ஆசான் கலஃப் அல்-அஹ்மரிடம் கவி கூற அனுமதி கேட்டபோது, முதலில் ஆயிரம் கவிதைகளை மனனஞ் செய் என்றும், செய்து முடித்தபின் அவற்றை மறந்து வா என்றும் அவர் பணித்ததாக வழங்கும் கதை இதே கருத்தைக் கொண்டதாகும்.

இப்பகுதியில் இப்னு கல்தூன் தம்மைப் பற்றியே ஒரு செய்தி கூறுகிறார். கிரனாடாவின் அமைச்சரும் அக்கால அந்தலுஸின் தலைசிறந்த எழுத்தாளருமான இப்னுல் கதீபிடம் அவர் ஒருமுறை முறையிட்டார்: நல்ல கவிதையை இனங்காணும் பார்வை எனக்கு உண்டு, அல்குர்ஆனும் ஹதீஸும் அறபு மொழியின் பல பகுதிகளும் மனனமாயுள்ளன, எனினும் கவி பாட முனையும்போது அது எனக்குக் கடினமாகிறது. காரணத்தையும் தாமே ஊகிக்கிறார். இளமையில் அஷ்-ஷாதிபீயின் கிராஅத் பற்றிய இரு பாடல்களையும் மனனஞ் செய்தார். இப்னுல் ஹாஜிபின் பிக்ஹு, உஸூல் நூல்களையும் தர்க்க நூலொன்றையும் கற்றார். அவ்விதி நூல்கள் நினைவை நிரப்பி, கவிதைக்கான மலகாவின் முகத்தைக் கீறிவிட்டன என்பது அவர் ஊகம். இப்னுல் கதீப் வியப்புடன் அவரை நோக்கி, உம்மைத் தவிர வேறு யாரால் இப்படிச் சொல்ல முடியும் என்ற கருத்துப்படப் பாராட்டினாராம். ஒரு கவிதையின் தொடக்க வரியைக் கேட்ட மாத்திரத்தில் இது ஒரு பகீஹின் கவிதை என இனங்கண்ட அறிஞர் பற்றிய செய்தியும் அங்கு உண்டு. இதற்கும் அதற்கும் வேறுபாடு என்ன என வினவும் சட்ட நூல் தொடரொன்று அவ்வரியில் வந்திருந்ததே காரணம்.

நமது அறபு மத்ரஸாக்களில் அல்பிய்யாவை மனனஞ் செய்தவர்கள் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும். இப்னு கல்தூன் அந்த நூல்களை இழிவுபடுத்தவில்லை. அவை வேறொரு பணிக்குரியவை என்றே கூறுகிறார். அவருடைய தர்க்கத்தை நமக்குப் பொருத்தினால் எழும் வினா எளியது: தமிழில் எழுத விரும்பும் ஒரு மௌலவியின் நினைவில் எவ்வளவு நல்ல தமிழ் தங்கியிருக்கிறது? மொழிபெயர்ப்பு நடையும் பாடக்குறிப்பு நடையும் மட்டுமே உள்ளே சென்றிருந்தால், எத்தனை ஆண்டு பொறுமை காத்தாலும் வெளியே வருவது அவையாகவே இருக்கும். விடாது எழுதுக என்ற அறிவுரை போதாதென்பது இதனாற்றான். எதனை வாசித்து வளர்ந்தவன் எழுதுகிறான் என்பதே முந்திய வினா.

இப்னு கல்தூனின் கொள்கை முழுமையானது என நாம் கருதவில்லை. மலகா ஒருவனைச் சரியாக எழுத வைக்கும். அவனைப் பிறரிலிருந்து வேறுபடுத்துவது எது என்பதற்கு அவரிடம் விடையில்லை. தறி ஒன்றாயின் துணிகளும் ஒன்றாகவே இருக்க வேண்டுமல்லவா? ஆனால் அவருடைய சொந்த வாழ்க்கை அவருடைய கொள்கையைத் தாண்டிச் செல்கிறது. பாஸ் நகரில் சுல்தான் அபூ ஸாலிமின் செயலாளராக இருந்த காலத்தில் (1359-1361) அரசவைக் கடிதங்களை எதுகை பூட்டிய ஸஜ்உ நடையில் எழுதுவதே வழக்கமாயிருந்தது. அவரோ எதுகையற்ற இயல்பான உரைநடையைக் கையாண்டார். அக்காலத்தில் அது புதுமையாகக் கருதப்பட்டதென்று தமது தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். அதே காலத்தில் கவிதையும் பாடினார். அது நல்லதற்கும் சாதாரணத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தது என அவரே மதிப்பிட்டுக்கொள்கிறார். பிஷ்ரின் மூன்றாம் படியை இதைவிடத் தெளிவாக விளக்கும் வாழ்க்கை வேறில்லை. இணங்காத கலையை ஓரளவில் வைத்துக்கொண்டு, தமக்கு உறவான கலைக்கு அவர் நகர்ந்தார்.

அவ்வுரைநடை பதினைந்து ஆண்டுகளின் பின் கனிந்தது. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தனித்திருந்தபோது, 1377ஆம் ஆண்டில் ஐந்தே மாதங்களில் ‘முகத்திமா’வின் முதல் வரைவை முடித்தார். சொற்களும் கருத்துக்களும் மழையெனப் பொழிந்ததாக அவர் கூறுவதை எடுத்துக்காட்டி, இது உள்ளுதிப்பின் விளைவு என எழுதுவோர் உண்டு. அந்த ஐந்து மாதங்களுக்கு முன்னே இருபது ஆண்டு அரசியலும் சிறைவாசமும் தூதுப் பயணங்களும் இருந்தன; பின்னே, இறக்கும் வரையிலான ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் தூனிஸிலும் கெய்ரோவிலும் அவர் செய்த திருத்தங்கள் இருந்தன. ஐந்து மாதம் என்ற எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்திருப்பது இரு பக்கத்தையும் கிழித்துவிட்டு நடுப்பக்கத்தை வாசிப்பது போன்றது.

நவீன காலத்தில் இவ்விடயத்துக்குப் பொருந்திய எடுத்துக்காட்டு நஜீப் மஹ்ஃபூழ் (1911-2006). அவருடைய நாவல்களின் கருத்துநிலை பற்றி முஸ்லிம் உலகில் எழுந்த விவாதம் வேறு. இங்கு நாம் நோக்குவது அவருடைய தொழில் முறையை. 1934இல் மெய்யியற் பட்டம் பெற்ற அவர், மேற்படிப்பா இலக்கியமா என்ற தடுமாற்றத்தின் பின் இலக்கியத்தைத் தேர்ந்தார். அவர் எழுதிய மூன்று நாவல்களை ஸலாமா மூஸா தகுதியற்றவை எனத் திருப்பிக் கொடுத்தார். நான்காவதையே 1939இல் வெளியிட்டார். வக்பு அமைச்சு முதலிய அரசாங்கப் பணிகளில் ஓய்வுபெறும் வரை எழுத்தராகவும் அதிகாரியாகவும் இருந்தார். பணி முடிந்த பின் குறித்த மணிக்கு அமர்ந்து, குறித்த மணிக்கு எழுந்தார். கோடையில் கண்ணோய் அவரைத் தடுத்ததால் இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரையே எழுதினார்.

இது பிஷ்ரின் முதல் அறிவுரைக்கு முரணானதல்லவா? பிஷ்ர் உள்ளம் இணங்கும் வேளைக்குக் காத்திருக்கச் சொன்னார். மஹ்ஃபூழ் கடிகாரத்துக்கு உள்ளத்தை இணங்க வைத்தார். இம்முரண் உண்மையானது, அதனை மழுப்ப வேண்டியதில்லை. பிஷ்ரின் ஏடு ஓய்வுள்ள பேச்சாளருக்கும் கவிஞருக்கும் எழுதப்பட்டது. மாத ஊதியத்துக்கு அலுவலகம் செல்பவனுக்கு உகந்த வேளை தானாக வருவதில்லை, அவன் அதனை ஒதுக்க வேண்டும். இவ்விடத்தில் இப்னு கல்தூனே துணைக்கு வருகிறார்: அதே நேரத்தில் அதே மேசைக்குத் திரும்புவதும் ஒரு மலகாவாகிவிடுகிறது.

ஆனால் ஏனைய இரு படிகளிலும் மஹ்ஃபூழ் பிஷ்ரின் மாணவர் போலவே நடந்திருக்கிறார். பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட நீண்ட நாவல் வரிசையொன்றைத் திட்டமிட்டு, அதற்கெனப் படித்துக் குறிப்பெடுத்திருந்தார். மூன்று வெளிவந்தன, 1944இன் பின் அத்திட்டத்தை முற்றாகக் கைவிட்டுத் தாம் பிறந்த பழைய கெய்ரோவின் சந்துகளுக்குத் திரும்பினார். ‘ஸுகாகுல் மிதக்’ 1947இல் வந்தது. பல ஆண்டு உழைப்பைக் குப்பையில் போட்டதாக அவர் அழுததில்லை. பின்னர் பல ஆண்டுகள் உழைத்து 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குச் சற்று முன்னர் கெய்ரோ முத்தொகுதியை முடித்தபோது, அதன் பருமனைக் கண்ட வெளியீட்டாளர் பின்வாங்கினார். 1954இல் ஒரு சஞ்சிகையில் தொடராகத் தொடங்கி, 1956இலும் 1957இலும் மூன்று நூல்களாக அது வெளிவரும் வரை அப்பெருந்தாள்கட்டு காத்திருந்தது. இதனிடையே புரட்சியின் பின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் நாவலே எழுதவில்லை. தாம் விமர்சிக்க எண்ணிய பழைய சமூகமே மறைந்துவிட்டதென்பது அவர் கூறிய காரணம். அந்நாட்களில் திரைப்படங்களுக்குக் கதை வசனம் எழுதினார், அலுவலகம் சென்றார். எழுத வராத நாவலை வலிந்து எழுதவில்லை. ஒரு பகல், ஓரிரவு எனப் பிஷ்ர் கூறிய காத்திருப்பு இங்கு ஐந்து ஆண்டுகளாக நீண்டது. திரும்பி வந்தபோது அவருடைய நடை முற்றிலும் மாறியிருந்தது. அறுபதுகளில் அவர் எழுதிய குறுநாவல்களின் செறிவை முத்தொகுதியின் விரிவில் தேடிக் காண முடியாது.

1988இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 76. ஆறு ஆண்டுகளின் பின், 1994 ஒக்டோபரில், வீட்டுக்கு வெளியே கத்தியால் கழுத்தில் குத்தப்பட்டார். நரம்பு சேதமடைந்து வலக்கை செயலிழந்தது. கண்பார்வையும் செவிப்புலனும் ஏற்கெனவே குன்றியிருந்தன. பல ஆண்டுச் சிகிச்சையின் போது பள்ளிச் சிறுவனைப் போலத் தம் பெயரை எழுதிப் பழகினார்; கோடுகள் ஒன்றன்மேலொன்றாக ஏறிக் கிடந்தன. கை ஒரு நாளில் மிகச் சிறிது நேரமே எழுத இடங்கொடுத்த நிலையில், சில வரிகளே நீளும் கனவுக் குறிப்புக்களை எழுதினார். பின்னர் அதுவும் இயலாதபோது சொல்லி எழுதுவித்தார். ‘அஹ்லாம் ஃபத்ரதின் நகாஹா’ என்ற பெயரில் அவை தொகுக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னவர் அரைப்பக்கத்தில் ஒரு தெருவையும் ஒரு மரணத்தையும் ஒரு பழைய நண்பனின் முகத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவற்றிற் சில வெறுமையானவை. பல, முத்தொகுதியில் விரிவாகக் கூறப்பட்டதை விடக் கூர்மையானவை.